உப்பு போட்டது யார்

கபோகோ கிராமம், ம்சிஞ்சி
செப்டம்பர் 12, வியாழக்கிழமை

அன்பு மகன் லிம்பிகானிக்கு அம்மா செலிஃபா எழுதுவது. நீ அங்கே ஜோகன்னஸ்பர்க்கில் நலமாக எழுந்தாய் என்றால் நானும் இங்கே நலமாக எழுந்தேன் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எழுந்தது உண்மை, நலமா இல்லையா என்பதை முழுதும் படித்துவிட்டு நீயே சொல். நீ அனுப்பிய போர்வை வந்தது, செருப்பும் வந்தது, செருப்பு ஒரு விரல் பெரிது, பரவாயில்லை, முன்னால் துணி வைத்துப் போட்டுக்கொள்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? கட்டட வேலையில் சிமெண்டு மூட்டையைத் தனியாகத் தூக்காதே என்று எத்தனை முறைதான் சொல்வது. சரி, விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் திட்டுதான், உட்கார்ந்து படி.

நேற்று முன்தினம் சாயங்காலம் கடை வாசலில் நின்றுகொண்டு உன் மாமா கெலவசியோ உனக்குப் போன் போட்டார் அல்லவா, அது ஸ்பீக்கரில் போட்ட போன் என்பது உனக்குத் தெரியுமா? சோப்பு வாங்க வந்தவள், சும்மா நின்றவன், பக்கத்தில் தக்காளி விற்றவள், எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். உன் குரல் கணீரென்றுதான் வந்தது. “அந்த ஆள மூட்டையக் கட்டச் சொல்லுங்க மாமா, என் தங்கச்சிய நான் பாத்துக்கறேன்” என்றாய். எப்படிடா பார்த்துக்கொள்வாய்? இரண்டு நாள் பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்துகொண்டு, அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனியும்போது நீ வந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குவாயா? என்ன நடந்தது என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டாயா? அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாயா? உன் மாமா சொன்னார், நீ தலையாட்டினாய், ஊர் கேட்டது, இப்போது வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபலேசியின் புருஷன் பிஸ்வெகி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. போனில் உன்னோடு சண்டை போடலாம் என்றால் போன் உன் மாமாவுடையது, என் கோபம் பாதி வருவதற்குள் அதில் காசும் தீர்ந்துவிடும். அதனால்தான் எட்டாம் வகுப்பு வரை படித்த படிப்பை வைத்து எழுதுகிறேன். துணி வியாபாரம் செய்கிற மாக்னெட்டா நாளை பஸ் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஃபலேசிக்கு இது ஏழாம் மாதம். ஆகஸ்டு தொடக்கத்தில் சுகாதார நிலையத்துக்குப் போனோம், நர்ஸ் லவ்னெஸ் டேப் வைத்து வயிற்றை அளந்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடியும் அளந்தாள். ஏழாம் மாதத்தைத் தொடப்போகிறவளுக்கு வயிறு ஐந்து மாத அளவில்தான் இருக்கிறதாம். நாள் கணக்கு தப்பாக இருக்கும் என்றேன், இல்லை, முதலில் வந்தபோதே எழுதி வைத்த கணக்கு இருக்கிறது என்று காட்டினாள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாள், போனோம், அரை விரல்கூட ஏறவில்லை. பிள்ளையின் இதயம் துடிக்கிறது, நன்றாகவே துடிக்கிறது, காதில் அந்தக் குழலை வைத்து என்னையும் கேட்கச் சொன்னாள். ஆனால் பிள்ளை வளரவில்லை. ஃபலேசி சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள் லவ்னெஸ். நான் பெருமையாகத்தான் சொன்னேன். காலையில் வேர்க்கடலைப் பொடி போட்ட மக்காச்சோளக் கஞ்சி, மத்தியானமும் ராத்திரியும் ந்சிமாக் களியோடு பரங்கிக் கீரை, அதிலும் கைநிறையக் கடலைப் பொடி. அவள் தலைக்கு மேல் சுவரில் தொங்குகிற படத்திலேயே கர்ப்பிணிகள் கடலை சாப்பிட வேண்டும் என்று ஒரு குவியல் வரைந்திருக்கிறது, அதைக் கையால் காட்டியே சொன்னேன். அவளும் திரும்பிப் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, “கடலை எங்கருந்து வருது அம்மா?” என்று கேட்டாள். நம் வயலில் விளைந்ததையெல்லாம் அறுத்த மாதமே விற்றாயிற்று, அது உனக்குத் தெரியும், உன் கூரைத் தகரம் அதில்தான் வந்தது. வீட்டில் இடிப்பது டிப்போ கழிசல். அதைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

டிப்போவில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலை என்னவென்று நீயும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. இருபது பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து கடலையைத் தெரிந்தெடுக்கிறோம். முழுசாக, சிவப்பாக, பளபளவென்று இருப்பது ஒரு கூடை, அது மூட்டையாகி லாரி ஏறிக் கடல் தாண்டிப் போகும். சுருங்கியது, உடைந்தது, கறுத்தது, பச்சையாகப் பொடி படிந்தது எல்லாம் இன்னொரு கூடை. இரண்டாவது கூடையில் இருக்க வேண்டியது ஒன்று முதல் கூடையில் விழுந்துவிட்டால் கபித்தாவ் சிம்வாலா தலைக்கு மேல் நின்று கத்துவான், அவன்தான் அங்கே எங்கள் மேஸ்திரி. கடலுக்கு அப்பால் வாங்குகிறவர்கள் மெஷின் வைத்துப் பார்ப்பார்களாம், பூஞ்சண விஷம் இருந்தால் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். சரி. அந்த இரண்டாவது கூடை எங்கே போகிறது? சனிக்கிழமை கூலியோடு ஆளுக்கு ஒரு படி, பெரிய மனசு பண்ணி இலவசமாக. மிச்சம் நம் சந்தைக்கு, இடித்த பொடியாக. இடித்துவிட்டால் பச்சை ஏது, கறுப்பு ஏது, எல்லாம் ஒரே நிறம். போன வருஷம் நான் அவனிடம் கேட்கவும் செய்தேன், அவங்களுக்கு ஆகாதது எங்களுக்கு எப்படிய்யா ஆகும் என்று. அவன் சிரித்துக்கொண்டே, “அவங்க வயிறு மெல்லிசு மாமி, உங்க வயிறு கல்லு, எதைப் போட்டாலும் அரைச்சுடும்” என்றான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இருபது பேரும் சிரித்தோம், லிம்பிகானி. இப்போது நினைத்தால் எனக்கு என் பல்லையே உடைக்கத் தோன்றுகிறது. என் வயிறு கல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஃபலேசி வயிற்றில் இருக்கிறதற்குமா கல் வயிறு?

லவ்னெஸ் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்தப் பூஞ்சணம் ஒரு விஷத்தைக் கடலைக்குள் இறக்கிவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. தாய் தின்றால் ரத்தத்தில் கலந்து கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது, பிள்ளை வளர வேண்டிய அளவுக்கு வளராமல் சிறுத்துப் பிறக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். அப்படியானால் இதுதானா காரணம் என்று கேட்டேன். அவள் என்னை ஏமாற்றவில்லை. “சத்தியம் பண்ண மாட்டேன் அம்மா. ரத்தம் கம்மியா இருக்கு, மார்ச்சுல மலேரியா வந்திருக்கு, அதுவும் இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். ஆனா இதை இன்னிக்கே நிறுத்துங்க” என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

என் பங்கும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு அடுத்தவரைத் திட்டினால் நன்றாக இருக்காது. டிப்போவுக்குக் கொடுக்கும் கடலையைக் கையால்தானே உடைக்கிறோம், மூன்றாவது நாள் விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். அதனால் ஓடு இளக வேண்டும் என்று தண்ணீர் தெளித்துச் சாக்கைப் போட்டு மூடி வைத்து, அப்புறம் உடைப்போம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறதாம். ஜூன் மாதம் விவசாய அதிகாரி ஒருவர் மைக்கோடு வந்து, இங்குள்ள பெண்களுக்குப் பொறுப்பே இல்லை, சோம்பேறித்தனத்தில் தண்ணீர் தெளித்து நாட்டின் பெயரைக் கெடுக்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். நாட்டின் பெயராம். கடல் தாண்டிப் போகிற லாரி திரும்பி வந்தால் போகிற பெயர். எங்கள் பிள்ளைகளைப் பற்றி அந்த மைக் ஒரு வார்த்தை பேசவில்லை. கர்ப்பிணிகள் தின்னாதீர்கள் என்று அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உரலைக் கவிழ்த்திருப்பேன். அவர் விரலைப் பார்த்தேன், ஒரு கடலை உடைத்த விரல் இல்லை. ஆனாலும் தண்ணீர் தெளித்தது நான்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, இதில் பிஸ்வெகி எங்கே வந்தான் என்று கேட்பாய். ஊருக்குப் பெரிய வயிறு தெரியவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா. ம்துலோ என்று ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டு விழுந்துவிட்டதாம், புருஷன் வெளியே போய்விட்டு வந்து தொட்டதால் வயிற்றுப் பிள்ளை வெட்டுப்பட்டு நிற்கிறதாம். அவன் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். பின்னால் ஆண் ஏறினாலும் ஏற்ற வேண்டும், பெண் ஏறினாலும் ஏற்ற வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் ஒரு பெண்ணையும் இரண்டு கோழியையும் ஏற்றிப் போனானாம், அவள் சிரித்தாளாம், அதுதான் சாட்சி. பள்ளத்தில் சைக்கிள் இறங்கினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கோழிகள் சிரித்தனவா என்று நான் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உன் மாமா வீட்டு முற்றத்தில் கூட்டம். ஆண்களுக்கு நாற்காலி, எங்களுக்குப் பாய். பிஸ்வெகி தரையில் உட்கார்ந்திருந்தான், பெண் வீட்டோடு வந்து வாழ்கிற மருமகனுக்கு அங்கே என்ன நாற்காலி. எங்கே போனாய் என்று மாமா கேட்டார். “நான் எங்கயும் போகல மாமா, சாயங்காலம் ஆனா சைக்கிளும் நானும் வீட்டுக்கு வந்துடறோம்” என்றான். “சைக்கிள் பேசாது, அதான் உனக்கு வசதி” என்றார் மாமா, நாற்காலிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்டார், வீட்டில் கர்ப்பிணியின் சட்டியில் உப்பு போட்டது யார் என்று. சூடான கை உப்பு போட்டால் பிள்ளை வெட்டுப்படும் என்பதால் நம் வீடுகளில் சின்னப் பிள்ளையோ ஆண் துணை இல்லாதவளோதான் போட வேண்டும், உனக்குத் தெரியாததா. ஃபலேசி சட்டிக்கு முதல் நாளிலிருந்து என் கைதான். உன் அப்பா போனதிலிருந்து என் கையைவிடக் குளிர்ந்த கை இந்த ஊரில் கிடையாது. நான் எழுந்து நின்றேன்.

மாமியார் மருமகன் பக்கமே திரும்பக் கூடாது, அவன் இருக்கிற இடத்தில் குரலை உயர்த்தக் கூடாது, அதெல்லாம் எனக்கும் தெரியும். எழுந்து நின்று, “நான்தான் போட்டேன் அண்ணா. யாரு போட்டான்னு மட்டும் கேட்டா எப்பிடி, எவ்வளவு போட்டேன்னு கேளு. ஒரு கைக்கு ரெண்டு கை போட்டேன். எதுக்குன்னு கேளு. பொடி கசந்துது, கசப்பு தெரியக்கூடாதுன்னு போட்டேன்” என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக உன் மாமா சரியான கேள்வி கேட்டிருக்கிறார், பதில்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பொடி இருந்த சட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, உப்பில்லாமல் ஒரு சிட்டிகை தின்னச் சொன்னேன். ஊர் பார்க்கிறதே என்று வாயில் போட்டார், போட்டதும் திரும்பித் துப்பினார். “என்ன கருமம் இது, இப்பிடிக் கசக்குது” என்றார். “உன் மருமக வயித்துல இருக்கறது ஆறு மாசம் இதைத்தான் தின்னுச்சு, அதால துப்ப முடியல” என்றேன். பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகச் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். எல்லோர் வீட்டுச் சட்டியிலும் அதே பொடிதான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உன் மாமாவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. நர்ஸ் சத்தியம் பண்ணினாளா என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். பண்ணலே, பண்ண மாட்டேன்னுதான் சொன்னா என்றேன். “பாத்தீங்களா, படிச்சவளுக்கே நிச்சயமில்ல. நான் சத்தியம் பண்றேன், இது ம்துலோதான்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நாற்காலிகள் எல்லாம் தலையாட்டின. தெரியாது என்று நேர்மையாகச் சொன்னவள் தோற்றாள், தெரியாததைத் தெரியும் என்று கத்தியவர் ஜெயித்தார். அதோடு விடாமல், “மருமகனுக்காக மாமியா வாதாடறத இன்னிக்குத்தான் பாக்கறேன், என்ன மருந்து வச்சானோ” என்று ஒரு பேச்சு வேறு. என் கூடப் பிறந்தவன் வாயிலிருந்து. அன்றிலிருந்து அவர் வீட்டுத் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை.

இப்போது மூட்டை கட்டச் சொன்னாயே அந்த ஆளைப் பற்றிக் கேள். கடலைப் பொடியை நிறுத்து என்று நர்ஸ் சொன்ன மறுநாள் அவன் எதுவும் கேட்காமல் காலையில் புறப்பட்டு டெட்சா வரை மிதித்துப்போய் ஒரு மூட்டை பீன்ஸ் கட்டிக்கொண்டு வந்தான். வாரம் இருமுறை ஏரிப்பக்கத்துச் சின்ன மீன் காய்ந்தது வாங்கி வருகிறான், முட்டை வாங்கி வருகிறான். முட்டையைப் பார்த்ததும் உன் மாமா, கர்ப்பிணி முட்டை தின்றால் பிள்ளை மொட்டையாகப் பிறக்கும் என்று கத்தினார். மொட்டையாப் பொறந்தாலும் பொறக்கட்டும், முழுசாப் பொறக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொன்றும் கேட்டுக்கொள். சிறுத்த பிள்ளை சீக்கிரமே வந்துவிடலாம், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, அக்டோபர் பாதியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்க வேண்டும், அதற்கு முன்னால் வலி வந்தால் எந்த நேரமானாலும் புறப்பட வேண்டும் என்கிறாள் லவ்னெஸ். இங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். இந்த ஊரில் ஓடுகிற நிலையில் இருக்கிற சைக்கிள் மூன்று, அதில் நம் வீட்டில் இருப்பது ஒன்று, அது அவனுடையது. அவன் போனால் சைக்கிள் போகும். அப்போது உன் மாமாவின் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துத் தூக்கிக்கொண்டு போகவா?

நானும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை டிப்போவில் கூலியோடு என் படி கழிசலைக் கொடுத்தபோது கபித்தாவ் சிம்வாலாவின் கால் மேலேயே கொட்டினேன். “உன் பொண்டாட்டி இதைத் திங்கறாளான்னு கேட்டுட்டு வா, அப்புறம் எனக்குக் குடு” என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் எலிஸ்யா, அதுதான் மேட்டு வீட்டுக்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நான் கொட்டியதைப் பொறுக்குகிறாள். அவளுக்கு ஆறாம் மாதம். வேண்டாம்டி, விஷம்டி என்று கையைப் பிடித்தேன். “உங்களுக்கு ஜோபர்க்ல மகன் இருக்கான் அக்கா, பீன்ஸ் வாங்குவீங்க. எனக்கு யாரு இருக்கா?” என்று கேட்டாள். அவளிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பீன்ஸில் பாதி அளந்து அவளுக்குக் கொடுத்தேன், அது அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. மீதி பதினெட்டுப் பேருக்கு எதை அளப்பது? திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு லவ்னெஸிடம் போகப் போகிறேன், சுவரில் இருக்கிற அந்தப் படத்தில் எந்தக் கடலை என்று எழுதச் சொல்வதற்கு.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உன் மாமாவுக்குப் பிறகு இந்த வீட்டுப் பெண்களுக்குப் பொறுப்பு நீ. இங்கே அப்பன் பேச்சு செல்லாது, தாய்மாமன் பேச்சுதான் செல்லும், அதனால்தான் நீ சொன்ன ஒரு வரி இவ்வளவு பெரிதாகிவிட்டது. கடிதம் கிடைத்த அன்றே மாமாவுக்குப் போன் போடு. எதை எல்லோரும் கேட்கச் சொன்னாயோ அதை எல்லோரும் கேட்கவே திருப்பி எடுத்துக்கொள். மரியாதையாகப் பேசு, அவர் பெரியவர், ஆனால் பேசு. பிஸ்வெகியிடமும் ஒரு வார்த்தை பேசு. என்னால் அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க முடியாது, வழக்கம் விடாது, நீ அவனுக்கு மச்சான், நீ கேட்கலாம். அங்கே கடையில் வேர்க்கடலை வாங்கினால் பாக்கெட்டில் வருவதை வாங்கு, பளபளவென்று இருக்கும், அது எங்களைப் போல யாரோ பொறுக்கி அனுப்பியதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத இரண்டு நாளாகக் கை வரவில்லை. உன் அப்பா லசாலோ நம்மை விட்டுவிட்டு எல்லை தாண்டிச் சிபாட்டாவுக்குப் போய்விட்டார் என்றுதானே உன்னிடம் சொல்லி வளர்த்தேன். உனக்கு ஒன்பது வயது, ஃபலேசிக்கு நான்கு. அவர் போகவில்லை. அனுப்பினோம். உங்களுக்குப் பின்னால் ஒரு பெண் பிறந்தாள், உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம், தியோங்கே என்று பெயர் வைத்தோம், இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை, ஒன்பது நாள் இருந்தாள். அன்றைக்கும் இதே முற்றம், இதே அண்ணன், இதே ம்துலோ. லசாலோ தரையில் உட்கார்ந்து, “நான் எந்தத் தப்பும் பண்ணல, செலிஃபாவைக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். அந்த மனுஷன் வேறு வாசல் மிதித்தவர் இல்லை. ஆனால் பிள்ளை போன துக்கத்தில் யாராவது ஒருத்தர் மேல் பழி விழட்டும் என்றிருந்தது, நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதும் நான் டிப்போவில்தான் இருந்தேன், பெயர்ப்பலகைதான் வேறு, அப்போதும் சனிக்கிழமை ஒரு படி கொண்டுவந்து இடித்துத்தான் தின்றேன். அதுதான் தியோங்கேயைக் கொன்றதா என்று எனக்குத் தெரியாது, லவ்னெஸைக் கேட்டாலும் சத்தியம் பண்ண மாட்டாள். தெரியாமலே அவரை அனுப்பினோம். அவர் செத்த செய்தி சிபாட்டாவிலிருந்து வந்தபோது நீ சாவுக்குப் போக மாட்டேன் என்றாய், விட்டுப் போனவனுக்கு நான் எதற்கு மண் போட வேண்டும் என்றாய், அப்போதும் நான் பாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இரு. முதலில் மாமாவிடம் பேசிவிட்டு இரு.

கடவுள் உன் கையையும் காலையும் உயரத்தில் வேலை செய்யும்போது காக்கட்டும். நீ தொட்டது நிலைக்கட்டும், உனக்கு வருகிற பிள்ளைகள் கனமாகப் பிறக்கட்டும். மறக்காதே, முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்.

இப்படிக்கு,
லசாலோவின் மனைவி
செலிஃபா